ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனாலும் தலைவலி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்ததுமே பதில் எழுத உட்கார்ந்தேன். மாணவர்களுக்குத் தேர்வு, துறைக்குப் புது இயந்திரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து தள்ளிப்போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. நீ அவசரமாகப் பதில் எதிர்பார்த்திருப்பாய் என்று தெரியும்.

கதிர் கால்பந்து ஆடும்போது இன்னொரு பையனோடு தலை மோதி விழுந்தான், சி.டி. ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் ஆகப்போகிறது, இன்னும் தலைவலி, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது, ஒரு பக்கம் படிப்பதற்குள் எரிந்து விழுகிறான். “ஒன்றுமில்லை என்றால் அப்புறம் ஏன்டி இப்படி இருக்கிறான்?” என்று கேட்டிருக்கிறாய். மூளையின் நரம்பு இணைப்புகளை நிறம் நிறமாகக் காட்டும் ஒரு ஸ்பெஷல் எம்.ஆர்.ஐ. இருப்பதாக யாரோ சொன்னார்களாம், அதை எடுக்கலாமா என்றும் கேட்கிறாய். இத்தனை வருஷமாக இருட்டறையில் உட்கார்ந்து மூளைப் படம் பார்க்கிறவள் நான். இதற்குக்கூடப் பதில் சொல்லாவிட்டால் எப்படி?

முதலில் அந்த “ஒன்றுமில்லை”. 1971-ல் லண்டன் ஆட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய சி.டி. இயந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது. அதற்கு முன் உயிருள்ள ஒருவரின் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று மண்டையைத் திறக்காமல் நேரடியாகப் பார்க்கவே வழி கிடையாது. இன்று சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. ஆனால் அடிபட்ட தலைக்கு எடுக்கும் சி.டி. பதில் சொல்வது முக்கியமாக ஒரு கேள்விக்குத்தான்: ரத்தக் கசிவோ எலும்பு முறிவோ வீக்கமோ இருக்கிறதா, உடனே அறுவை சிகிச்சை வேண்டுமா? அறுவை சிகிச்சை வேண்டாம் என்று கதிரின் படம் சொல்லியிருக்கிறது. அது பெரிய நிம்மதி. மூளைக்கு எதுவுமே ஆகவில்லை என்று அந்தப் படம் சொல்லவில்லை, சொல்லவும் அதனால் முடியாது.

மூளை தண்ணீர் போன்ற ஒரு திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று திரும்பும்போது, அடர்த்தி வேறுபட்ட சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. நடுவில் இருக்கும் நரம்பிழைகள் இழுபடுகின்றன. பெரும்பாலும் அறுவதில்லை, இழுபடுகின்றன, அவ்வளவுதான். ஆனால் அந்த இழுப்பிலேயே செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. எல்லாவற்றையும் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்க மூளை ஏகப்பட்ட சக்தியைச் செலவழிக்கிறது. அதே நேரத்தில் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. தேவை அதிகம், வரத்து குறைவு. இப்படித் தலை அதிர்ந்து மூளையின் வேலை தற்காலிகமாகக் குலைவதைத்தான் மூளையதிர்ச்சி என்கிறோம். கீஸா, ஹவ்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் இதைக் கோவையாக எழுதினார்கள். மூளையதிர்ச்சி பற்றிப் பேசுகிற யாரும் இன்றைக்கும் அதைத் தொடாமல் போவதில்லை. கதிரின் எரிச்சலும் களைப்பும் இந்தப் பற்றாக்குறையில் தொடங்கியவைதான்.

இதில் எதுவும் சி.டி.யில் தெரியாது. ஒரு நரம்பிழையின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். சி.டி. படத்தின் ஒரு புள்ளியே அரை மில்லிமீட்டர். அதனால்தான் மூளையதிர்ச்சி என்ற முடிவை மருத்துவர் படத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. என்ன நடந்தது, என்ன செய்கிறது என்று கேட்டும், நடக்கவைத்து, கண்ணை அசைக்கவைத்துப் பார்த்தும்தான் சொல்கிறார்.

நடுவில் ஒன்று. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாயே. இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அங்கேயும் ஒரு தலைக் கதை நடந்தது. அலமாரிக் கதவு மூலையில் லேசாக இடித்துக்கொண்டாள், அவளே மறந்தும்விட்டாள். சில வாரம் கழித்துப் பேச்சு தடுமாறியது, நடை ஒரு பக்கம் சாய்ந்தது. வயதாகும்போது மூளை கொஞ்சம் சுருங்குவதால், மூளைக்கும் உறைக்கும் நடுவே ஓடும் சின்ன நாளங்கள் விறைப்பாக இழுபட்டு நிற்கும், லேசான இடிக்கே கிழிந்துவிடும். போதாததற்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு. சி.டி.யில் பிறை வடிவில் பழைய ரத்தம் தேங்கியிருந்தது. மண்டையில் சின்னத் துளை போட்டு வடித்தார்கள், மறுநாளே என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆகவே சி.டி.யை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே. எங்கே அது தேவையோ, அங்கே அதற்கு ஈடு கிடையாது.

சரி, எம்.ஆர்.ஐ.க்கு வருகிறேன். அதில் சி.டி.யைவிடக் கூடுதலாகத் தெரிவது உண்மைதான். ரத்தத்தில் இருக்கும் இரும்பு காந்தப் புலத்தைக் கலைக்கும். அந்தக் கலைப்பைப் பிடிக்கவே ஒரு தனி வகைப் படம் இருக்கிறது. கடுகளவு கசிவும் அதில் கறுப்புப் புள்ளியாக, இருக்கும் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் குறுக்கே வெட்டுப்பட்ட சிரையும் அதே கறுப்புப் புள்ளிதான். நான் மௌஸ் சக்கரத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருப்பேன். அடுத்த அடுக்கிலும் அதற்கடுத்ததிலும் புள்ளி கோடாகத் தொடர்ந்தால் சிரை. சட்டென்று நின்றுவிட்டால் கசிவு. சந்தேகமாக இருந்தால் இன்னொரு வகைப் படத்தை வைத்து அது சுண்ணாம்புப் படிவா என்று பார்க்க வேண்டும். ஒரு தலைக்கே கண் வலித்துவிடும்.

2013-ல் அமெரிக்காவில் டிராக்-டிபிஐ என்ற ஆய்வுக் குழு ஒரு முடிவை வெளியிட்டது. லேசான தலைக்காயத்தோடு வந்து, சி.டி. சுத்தமாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் ஏதோ ஒன்று தெரிந்தது. அதிலும் மூளையில் கன்றிப்போன இடமோ, நாலு அல்லது அதற்கு மேற்பட்ட கசிவுப் புள்ளிகளோ இருந்தவர்கள் மூன்று மாதம் கழித்தும் மற்றவர்களைவிடச் சிரமப்பட்டார்கள். எங்கள் துறையில் இந்த எண்ணைச் சொல்லாதவர்கள் குறைவு. நான் அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன்: அவர்கள் எல்லாரும் பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களுக்கு வந்து, சி.டி. எடுக்கும் அளவுக்கு அடிபட்டவர்கள். மைதானத்தில் தலை மோதிய எல்லாப் பையன்களுக்கும் அந்த 27-ஐத் தூக்கிப் பொருத்த முடியாது.

இனி உன்னை மயக்கிய அந்த நிறப் படம். அதை டி.டி.ஐ. என்போம். பேசர், மாட்டியெல்லோ, லெ பியான் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1994-ல் வழிவகுத்த முறை. நரம்பைப் பார்ப்பதில்லை, நரம்புக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கிறார்கள். நாணல் கட்டுக்குள் விட்ட நீர் நீளவாக்கில் சுலபமாகப் போகும், குறுக்கே போகத் திணறும், இல்லையா? நரம்பிழைக் கட்டிலும் அப்படித்தான். நகர்வு எந்த அளவுக்கு ஒரே திசையில் இருக்கிறது என்பதற்கு 0-விலிருந்து 1 வரை ஓர் எண் கொடுப்பார்கள். திசைக்கு ஒரு நிறம்: இடமிருந்து வலம் சிவப்பு, முன்னும் பின்னும் பச்சை, மேலும் கீழும் நீலம். இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் பட்டை நடுவில் செக்கச்செவேல் என்று வளைந்து கிடக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத படம் அது.

அழகான படம் என்பது வேறு, கதிருக்கு உதவுமா என்பது வேறு. அடிபட்ட ஒரு கூட்டத்தையும் அடிபடாத ஒரு கூட்டத்தையும் எடுத்துச் சராசரி பார்த்தால் அந்த எண்களில் வித்தியாசம் தெரிகிறது. ஆராய்ச்சிக்கு அது தங்கம். ஆனால் ஒரு பையனை மட்டும் படுக்கவைத்து எண்ணை எடுத்தால், அது அடியால் வந்ததா, அவனுக்கு எப்போதுமே அப்படித்தானா என்று எப்படிச் சொல்வது? அடிபடுவதற்கு முன் எடுத்த படம் நம்மிடம் இல்லை. அவன் வயதில் வெண்பகுதி இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது, எண் தானாகவே மாறும். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், தலை கொஞ்சம் அசைந்தால் மாறும். ஒற்றைத் தலைவலியும் மனச்சோர்வும்கூட அதில் வித்தியாசம் காட்டுகின்றன. அடிபட்ட புதிதில் எண் கூடியதாகவும் ஆய்வுகள் உண்டு, குறைந்ததாகவும் உண்டு. கூடினாலும் பாதிப்பு, குறைந்தாலும் பாதிப்பு என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் நான் என்ன சொல்வது?

விளையாட்டில் ஏற்படும் மூளையதிர்ச்சிக்காக உலக நிபுணர்கள் 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி, மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது: இப்படிப்பட்ட நவீனப் படங்கள் ஆய்வுக்கு நல்லவை, அன்றாட சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. மூளை வேலை செய்வதைக் காட்டும் எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் எல்லாம் அதே வரிசையில்தான் நிற்கின்றன. ஆனாலும் நஷ்டஈட்டு வழக்குகளில் இந்த நிறப் படங்கள் வந்து நிற்கின்றன. பார்க்கிறவர்கள் வாயடைத்துப்போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிபட்டவர் சொல்வதை நம்ப ஒரு சிவப்புப் பட்டை எதற்கு?

அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பற்றிப் படித்துவிட்டுத் தூக்கம் போயிற்று என்று எழுதியிருந்தாய். மைக் வெப்ஸ்டர் என்ற வீரர் 2002-ல் இறந்தபோது, டாக்டர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையைப் பரிசோதித்துத்தான் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயை அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரிடம் முதன்முதலாகக் கண்டார். குத்துச்சண்டை வீரர்களிடம் அது முன்பே தெரிந்ததுதான். வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அடிவாங்கிய தலைகளின் கதை அது. இன்றைக்கும் இறந்தபின் மூளையை ஆராய்ந்துதான் உறுதி செய்ய முடியும், எந்த ஸ்கேனும் உயிரோடிருப்பவரிடம் அதை உறுதியாகச் சொல்லாது. ஒரு முறை மோதிய கதிருக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதே.

இப்போது செய்ய வேண்டியது என்ன என்றால், அவனை இருட்டறையில் படுக்கவைத்திருப்பதை நிறுத்து. முழு ஓய்வெல்லாம் முதல் ஓரிரு நாளைக்குத்தான். 2019-ல் வந்த ஓர் ஆய்வில், அடிபட்ட பத்து நாளுக்குள் தலைவலி கூடாத அளவுக்கு உடற்பயிற்சி தொடங்கிய 13 முதல் 18 வயதுப் பிள்ளைகள் சராசரியாக 13 நாளில் தேறினார்கள். வெறும் உடல் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. கதிருக்கு நாள் தாண்டிவிட்டாலும், மருத்துவரைக் கேட்டு வேகநடையில் தொடங்கலாம். கழுத்து, கண் அசைவு, உள்காதுச் சமநிலை மூன்றையும் சோதிக்கச் சொல். நீடிக்கும் தலைவலிக்குப் பல சமயம் கழுத்துதான் காரணம், பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது இரண்டு கண்ணும் சேராமல் போவதும் உண்டு. இரண்டுக்கும் பயிற்சி இருக்கிறது. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மைதானம் மட்டும் கூடாது. ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி ஆபத்து, அதில் பேரமே இல்லை.

பிள்ளைகளில் பெரும்பாலோர் நாலு வாரத்துக்குள் சரியாகிவிடுவார்கள். அதையும் தாண்டினால் சாதாரண எம்.ஆர்.ஐ. ஒன்று எடுப்பதில் தப்பில்லை, கசிவுப் புள்ளி பார்க்கும் வகையையும் சேர்த்து எடுக்கச் சொல். நடுவில் தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாமல் மந்தமாக இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, கை கால் ஒரு பக்கம் வலுவிழந்தாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, நேரே அவசர சிகிச்சைக்கு ஓடு.

சி.டி. ரிப்போர்ட் தாள் மட்டும் எனக்குப் போதாது, படங்களையே அனுப்பு. கழுத்தும் அதில் வந்திருந்தால் இன்னும் நல்லது. எத்தனை நேரம் படித்தபின் தலைவலி தொடங்குகிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்று கதிரையே எழுதச் சொல். நீ எழுதினால் கூட்டித்தான் எழுதுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. அம்மா உன்னை விசாரித்தாள். அந்தப் பையனிடம் பேச வேண்டும், தலையில் அடிபட்டவர்கள் சங்கத்தில் தான் மூத்தவள் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்கிறோம், அவனை எங்கும் போகாமல் இருக்கச் சொல்.

அன்புடன்,
மல்லிகா