பழைய வைஃபை பெயர்களை நீக்குவது பற்றி மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். சென்ற வாரம் பெய்த இடிமழையில் நம் வீட்டு ரூட்டர் கருகிவிட்டது. கேபிள்காரத் தம்பி புதியதை மாட்டி, அம்மாவுக்குப் பழக்கமானது என்பதால் பழைய பெயரையே வைத்து, கடவுச்சொல்லை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அம்மாவின் போன் எவ்வளவு முயன்றும் இணையவில்லை. தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று அவள் கலங்கிப்போனாள். பழைய கடவுச்சொல்லையே போன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் காரணமென்றும், சேமித்த பெயரை நீக்கும் 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றும் அந்தத் தம்பி விளக்கினார்.

அது நீ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த போன் அல்லவா? 'சேவ்டு நெட்வொர்க்ஸ்' என்ற இடத்தைத் திறந்தபோது முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. கோயம்புத்தூர் விடுதி, மூணாறில் தங்கிய ஓட்டல், பாலக்காடு ஜங்ஷன், யார் வீட்டுடையது என்றே தெரியாத சில. பாதிக்கு மேல் கடவுச்சொல் இல்லாதவை. அவற்றை நினைத்துத்தான் இந்தக் கடிதம்.

கடவுச்சொல் உள்ள இணைப்பில், போனும் ரூட்டரும் அந்தச் சொல் தமக்குத் தெரியும் என்பதை ஒன்றுக்கொன்று மெய்ப்பித்த பிறகே சேரும். ஆகவே, பெயரை மட்டும் திருடியவன் அங்கே நுழைவது கடினம். திறந்த இணைப்பிலோ போனுக்குத் தெரிந்தது பெயர் மட்டுமே. அதே பெயரை எவனாவது தன் கருவிக்குச் சூட்டி உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், உன்னைக் கேளாமலே போன் அதில் ஒட்டிக்கொள்ளக்கூடும். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில்நிலைய வைஃபை இன்று 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் 'ரயில்வயர்' என்ற ஒரே பெயரில் இருக்கிறது. அந்தப் பெயர் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதைப் போன் அறியாது. வங்கிச் செயலிகள் தம் தகவலைத் தனியே மறையாக்கம் செய்துதான் அனுப்புகின்றன என்றாலும், அந்நியனின் கருவி வழியாக உன் இணையத் தகவல்கள் செல்வதை நான் விரும்பவில்லை.

உன் ஐபோனில் இத்தகைய பழைய பெயர்களை நீக்குவது எளிது. முன்பெல்லாம் அருகில் இருக்கும் இணைப்பை மட்டுமே நீக்க முடிந்தது. 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 மென்பொருள் முதல், வைஃபை பக்கத்தில் 'எடிட்' என்பதைத் தொட்டால் முழுப் பட்டியலும் வரும். உன் ஆப்பிள் கருவிகளுக்கிடையே கடவுச்சொற்களைப் பகிரும் ஐகிளவுட் கீசெயின் இயங்கினால், போனில் நீக்குவது ஐபேடிலிருந்தும் நீங்கிவிடும் என்பதை மனத்தில் கொள். விண்டோஸ் மடிக்கணினியில் செட்டிங்ஸின் வைஃபை பகுதியில் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்று இருக்கும். அலுவலகம் தானே போட்டுவைத்த இணைப்பை மட்டும் தொடாதே. அதை மீண்டும் சேர்க்க அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். மறுபடி தேவைப்படும் இணைப்பென்றால், கடவுச்சொல்லைக் குறித்துக்கொண்ட பிறகே நீக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் போனில் பெயரை நீக்குவதால் எதிர்ப்புறம் எதுவும் மாறாது. முன்பு உன்னோடு தங்கியிருந்த தோழிகளுக்கு உன் அறையின் கடவுச்சொல் இன்னும் தெரியும் என்றால், ரூட்டரில் அதை மாற்றுவது ஒன்றே வழி. அவர்கள் நல்ல பிள்ளைகள், எனக்குத் தெரியும். ஆனால் அவர்களும் தங்கள் பழைய போன்களை யாருக்காவது கொடுப்பார்கள் அல்லவா?

ஓணத்துக்கு வரும்போது நம் வீட்டுப் பெயரையும் ஒருமுறை நீக்கிவிட்டுத்தான் நீ சேர வேண்டியிருக்கும். புதிய கடவுச்சொல்லை இதில் எழுதவில்லை. சாமி அறை நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா