ஹோர்ட்டன் சமவெளியில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்

ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் கூட்டிக்கொண்டு இலங்கை மலைநாட்டில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்டது, "பிள்ளைகள் குளிர் தாங்குமா?" என்றுதான். நியாயமான கேள்வி. 2,100 மீற்றருக்கு மேலே, தை மாசியில் விடியற்காலையில் புல் நுனியெல்லாம் உறைபனி பிடிக்கிற இடம் அது. நல்லபடியாகப் போய் வந்துவிட்டோம், ஆனால் வழி நெடுக யாரோ ஒருவர் கைகொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது, அதனால் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் நுவரெலியாவிலிருந்து ஏற்றிப்போன வான்கார அண்ணன். பட்டிப்பொல தாண்டும் முன்பே வளைவுகளில் மகனுக்கு வாந்தி வந்துவிட்டது. முகம் சுளிக்காமல் ஓரங்கட்டி, தானே இறங்கிப்போய் இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கிவந்தார். அந்தத் தேத்தண்ணிக் கடை அம்மாவோ மகனின் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேரனுடைய கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். காசு நீட்டினால் கோபம் வருகிறது அவருக்கு.

அப்புறம் நுழைவாயிலில் பைகளைச் சோதிக்கிற வனஜீவராசிகள் திணைக்களத்து அக்கா. உள்ளே பொலித்தீன் கொண்டுபோக முடியாது, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் விடுவார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களின் பையில் பாண், பிஸ்கட், மாற்றுடுப்பு என்று எல்லாமே பொலித்தீனில்தானே இருக்கும்! பின்னால் வரிசை நீண்டபோதும் பழைய பேப்பர் எடுத்துவந்து எங்களோடு சேர்ந்து சுற்றித் தந்தார். அங்கே திரியும் மரைகள் (பெரிய மான்கள்) பொலித்தீனைத் தின்று செத்துப்போகும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, மகள் பின்னால் நின்றவர்களின் போத்தல்களையும் வாங்கி உரிக்கத் தொடங்கிவிட்டாள். (வாகனத் தரிப்பிடத்தில் பாணைக் காட்டி மரையைக் கூப்பிட்டுப் படம் பிடிப்பவர்களே, தயவுசெய்து சின்னப் பிள்ளைகளுக்கு முன்னாலாவது அதைச் செய்யாதீர்கள்.)

இரவுதான் பயந்தோம். காற்று கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. பக்கத்துக் கூடாரத்து மாத்தறைக் குடும்பம், நாங்கள் கேட்காமலே வந்து கயிறுகளை இழுத்துக் கட்டியது. அந்த வீட்டு அம்மா, காஸ் அடுப்பில் தண்ணீர் சூடாக்கி, போத்தலில் ஊற்றி, துவாயில் சுற்றிப் பிள்ளைகளின் கால்மாட்டில் வைக்கச் சொன்னார். எங்கள் சிங்களமும் அவருடைய தமிழும் அரைகுறை, கையைக் காட்டியே விளக்கினார். பிள்ளைகள் குளிரில் நடுங்கவே இல்லை, நடுங்கியது நாங்கள்தான். நடுச்சாமத்தில் கூடாரத்துக்கு வெளியே ஏதோ மூச்சுவிடும் சத்தம் கேட்டு மகள் மட்டும் எழும்பிவிட்டாள். காவலுக்கு நின்ற ஐயா டோர்ச்சோடு வந்து, "பயம் இல்ல மகள், மரை, புல்லுத் தின்னுது" என்று சொல்லி, அது போகும்வரை அங்கேயே நின்றார்.

கடைசியாக, பெரிய நன்றி அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு. 'உலக முடிவு' என்கிற மலை விளிம்புக்குப் போய் பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகச் சுற்றிவர ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். மூன்று வயதுக் காலுக்கு அது நடக்கிற தூரமா? போகும்போது தூக்கியும் நடத்தியும் சமாளித்தோம். பத்து மணிபோல் மூடுபனி ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது என்று விடியவே கிளம்பியதால் வானம் தெளிவாகக் கிடைத்தது. ஆனால் அந்த விளிம்பில் 800 மீற்றருக்கு மேல் செங்குத்துப் பள்ளம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்க மனம் வருமா? தம்பிமார் இரண்டு பேர் பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைத்துக் கல் அடுக்கி விளையாட்டுக் காட்ட, நானும் மனைவியும் முதன்முறையாக ஒன்றாக நின்று கீழே தெரிந்த தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தோம். திரும்பும் வழியில், மழை அரித்த அந்தக் கல்லுப் பாதை முழுக்க மகன் அவர்களின் தோளில்தான். ஒருவர் களைத்தால் அடுத்தவர். நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் ஈரப்படிகளில் மகளின் கையை ஒரு தங்கச்சி விடவே இல்லை.

தம்பி, தங்கச்சிமாரே, நீங்கள் எல்லோரும் பிள்ளைகளோடு நிற்கிற படங்கள் என் போனில் இருக்கின்றன. இதை வாசித்தால் ஒரு செய்தி போடுங்கள், எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறேன்.