பனிக்கடி பட்ட இடத்த தேய்க்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கடும் குளிர்ல தோலும் திசுவும் உறைஞ்சு போறததான் பனிக்கடின்னு சொல்றாங்க. அப்படி விரல் மரத்துப் போச்சுன்னா நல்லா தேய்ச்சு விடுங்கன்னு இன்னமும் சொல்றாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க, உறைஞ்ச திசுக்குள்ள ஐஸ் படிகம் உருவாகியிருக்கும், தேய்ச்சா சேதம் இன்னும் கூடும். உள்ளுறுப்போட சூட்ட காப்பாத்த உடம்பு கை கால் ரத்தக்குழாய சுருக்கிடுது, அதான் விரல், மூக்கு, காது முதல்ல மாட்டுது. மொதல்ல சுருக்குனு குத்தும், அப்புறம் வலியே தெரியாது, தோல் வெளுத்து மெழுகு மாதிரி ஆயிடும், வலி நின்னுச்சே சரியாயிடுச்சுன்னு நினைக்கிறதுதான் ரொம்ப ஆபத்து. நெருப்புல காட்டவும் கூடாது, உணர்ச்சி இல்லாததால வெந்தாலும் தெரியாது. உறைஞ்ச இடத்த 37லேர்ந்து 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான தண்ணில அரைமணி நேரம் வரை வைக்கலாம், ஆனா மறுபடி உறையுற வாய்ப்பு இருந்தா அதுவும் வேணாம், சீக்கிரமா டாக்டர்ட்ட போயிடணும். இத உங்க பேப்பர்ல விரிவா போடுங்க சார்.