அனுமதிப்பத்திரக் காணிகளின் பின்னுரித்துச் சிக்கலைத் தீர்க்கக் கோரும் மனு

அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

திருகோணமலை நகரத்திலும் உப்புவெளி, நிலாவெளிக் கரையிலும் உறுதிக் காணியை, அதாவது தனியார் உரிமையுள்ள காணியை, பேர்ச் (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) கணக்கில் விலை பேசுகிறார்கள். நாட்கூலிக்கும் கடலுக்கும் போகிற குடும்பம் அந்த விலைக்கு வாங்கி வீடு கட்டுவது நடக்கிற காரியமல்ல. அவர்களில் பலருக்குள்ள ஒரே பிடிமானம், 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரம் எழுதி வழங்கிய காணி. பத்திரக்காரர் இறந்ததும், காணி அடுத்து யாருக்கு என்கிற பின்னுரித்துச் சிக்கலால் அந்தப் பிடிமானமும் தளர்ந்துவிடுகிறது.

கிழக்கில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு பெண்பிள்ளைக்கு. மூத்தவள் கலியாணம் முடித்ததும் தாய் தகப்பன் அதே வளவுக்குள் சின்ன வீடொன்று கட்டி ஒதுங்குவார்கள்; இளையவளின் முறை வரும்போது அதையும் கொடுப்பார்கள். பத்திரம் மட்டும் தகப்பன் பெயரிலேயே கிடக்கும். தனக்குப் பின் காணி யாருக்கென்று அவர் யாரையும் நியமிக்காமல் இறந்து, மனைவியும் இல்லாவிட்டால், சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலுள்ள உறவினர் வரிசைப்படிதான் காணி போகும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அந்த வரிசையில் மகன்மார் மகள்மாருக்கு முன்னே நின்றார்கள். அந்தப் பேதத்தைத் திருத்தம் நீக்கியதை மனதார வரவேற்கிறோம். ஆனாலும் வீடு மகளிடமும் பத்திரம் இறந்த தகப்பன் பெயரிலும் இருக்கிற நிலையை அது தானாக மாற்றாது.

நியமனத்தில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. நியமனப் பத்திரத்தை உரிய படிவத்தில் எழுதி, பிரதேச செயலாளர், காணிப் பதிவாளர், நொத்தாரிசு, சமாதான நீதவான் போன்றோரில் ஒருவர் முன் சாட்சிகளோடு ஒப்பமிட வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று சனம் வீட்டுக்குப் போய்விடுகிறது. பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே அது பதிவாக வேண்டும். இறந்தபின் பதிந்தால் செல்லாது. ஒப்பத்துக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட அந்த நாட்களில் எத்தனையோ பிள்ளைகளின் உரிமை தொலைகிறது. வெருகலில் இருந்தோ மூதூரின் உட்கிராமங்களில் இருந்தோ நோயாளியான முதியவரை இரண்டு மூன்று தரம் அலுவலகங்களுக்கு ஏற்றி இறக்குவது எவ்வளவு பாடு என்பதையும் கருத்தில் எடுக்குமாறு வேண்டுகிறோம்.

அடுத்தது பிரிப்பு. பத்திரத்திலுள்ள பிரிப்பு அலகுக்கு, அதாவது பிரிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கு, கீழே காணியைத் துண்டாக்க முடியாது. 40 பேர்ச் வளவில் மூன்று மகள்மார் மூன்று வீட்டில் குடியிருந்தாலும் எழுத்தில் அது ஒரே காணி. வீட்டுத்திட்டத்துக்கும் வங்கிக் கடனுக்கும் தன் பெயரில் காணி ஆவணம் கேட்பார்கள். அது இல்லாதவளின் வீடு அத்திவாரத்தோடு நின்றுவிடும்.

1990, 2006 இடப்பெயர்வுகளிலும் 2004 சுனாமியிலும் மூலப் பத்திரத்தையே இழந்தவர்கள் உண்டு. வேறு சிலரின் பத்திரத்தில் பெயர் ஒருவிதம், அடையாள அட்டையில் இன்னொருவிதம். ஒரு எழுத்துப் பிழைக்காகவும் கோப்பு திரும்பி வருகிறது.

ஆகவே, ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் காணி நடமாடும் சேவையொன்றை நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். காணி உத்தியோகத்தர், காணிப் பதிவக அலுவலர், சமாதான நீதவான் ஆகிய மூவரும் ஒரே மேசையில் இருந்தால் நியமனமும் ஒப்பமும் பதிவும் ஒரே நாளில் முடியும். அறுபது வயதைத் தாண்டிய பத்திரக்காரர்களின் பட்டியலைக் கிராம உத்தியோகத்தர் முன்கூட்டியே எடுத்து, படுக்கையில் இருப்போரின் வீட்டுக்கே போக ஒழுங்கு செய்ய வேண்டும். பத்திரத்தைத் தொலைத்தோருக்குப் பிரதேச செயலகப் பதிவேட்டைப் பார்த்து உறுதிப்படுத்திய பிரதி வழங்க வேண்டும். காணாமற் போனவர் பெயரில் பத்திரம் இருந்தால், 'இறந்துவிட்டார்' என்று எழுதித் தரும்படி மனைவியை வற்புறுத்தாமல், காணாமல் போனமைக்கான சான்றிதழை ஏற்றுக் கோப்பை முன்னெடுக்க வழி காட்ட வேண்டும்.

ஏற்கெனவே பல வீடுகள் உள்ள வளவுகளுக்குப் பிரிப்பு அலகைக் குறைக்க மாகாணக் காணி ஆணையாளரிடம் சிபாரிசு செய்யுங்கள். அளவைச் செலவு ஏழைக் குடும்பத்துக்குத் தாங்காது. வளவு வளவாக அல்லாமல் கிராமம் கிராமமாக ஒரே தடவையில் அளந்தால் செலவும் காலமும் குறையும். புதிதாக வழங்கும் பத்திரங்களை, வீடு யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அந்தப் பெண்ணின் பெயரிலேயே எழுதுமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

முதலாவது நடமாடும் சேவையை வடகீழ்ப் பருவ மழை தொடங்குமுன் வெருகல் பிரிவில் நடத்தினால் பேருதவியாகும். குடும்ப விபரங்களைத் திரட்டித் தரவும் படிவங்களை நிரப்பி உதவவும் எங்கள் அங்கத்தவர்கள் ஆயத்தமாக உள்ளனர்.

இங்ஙனம்,
கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்களின் அங்கத்தவர்கள்,
மூதூர், வெருகல் பிரிவுகள்.

பிரதி: மாகாணக் காணி ஆணையாளர், கிழக்கு மாகாணம்; பிரதேச செயலாளர்கள், மூதூர், வெருகல்.