பழைய நேரமா, புதிய நேரமா?

அன்பு மகள்,

போன ஞாயிறு பின்னேரம் ஐந்தரைக்கே அம்மாவும் நானும் போனை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தோம். ஆறு மணியாகியும் சத்தமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாக்கும் என்றார் அம்மா. பிறகு உனக்குக் காய்ச்சலாக்கும் என்றார். பிறகு கார், றோட்டு, பனி என்று தொடங்கினார், விளக்கு வைக்கிற நேரத்தில் கண்டதையும் சொல்லாதை என்று நான் ஏசினேன். ஆறரைக்கு நீ எடுத்து, "அப்பா, இங்கே நேரம் மாத்தியாச்சு, மறந்திட்டீங்களா?" என்று சிரித்தாய். மறந்துதான் போனேன். அதிலும் எனக்கு வெட்கம் என்னவென்றால், நேரம் மாறுகிற கூத்தில் என்னைப்போல் அடிபட்டவன் உன்னுடைய ரொறன்ரோத் தெருவில் ஒருவனும் இருக்கமாட்டான்.

பேரன் ஐந்து மணிக்கே எழும்பி அழுகிறான், மார்ச்சில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிக் கோடைநேரம் என்பதும், நவம்பரில் பின்னுக்குத் திருப்பி மாரிநேரம் என்பதுமான இந்தச் சனியனை ஒழிக்கவேண்டும் என்று நீ சொன்னாய். அவன் அழுத சத்தத்தில் நான் சொன்ன பதில் உனக்குக் கேட்டிருக்காது. அதுதான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கதை. 1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து பக்கத்துத் தென்மராட்சிக்குப் போன நாங்கள், அடுத்த வருடம் திரும்பி வந்து, ஓடு போன கூரைக்குக் கிடுகு போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரம்தான், 1996 மே 25ஆம் திகதி, நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளச் சொன்னார்கள். மழை இல்லாமல் மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன. மின்சாரத்தில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரிலிருந்துதான் வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே மணி ஏழரையாகிவிட்டால், சனம் லைற் போட்ட கொஞ்ச நேரத்திலேயே படுத்துவிடும், கரண்ட் மிச்சம் என்பது கணக்கு.

கொழும்புக்கு அது சரி. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு 1990 இலிருந்தே கரண்ட் இல்லை! ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்த மண்ணெண்ணெய் விளக்குத்தான். இல்லாத கரண்டை மிச்சம்பிடிக்க நாங்களும் மணிக்கூட்டைத் திருப்பினோம். திருப்பாமல் இருக்கவும் ஏலாது. ஊரடங்கு அந்த மணிக்கூட்டின்படிதான். பழைய நேரம் என்று நினைத்துக்கொண்டு றோட்டில் நின்றால் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீட்டுப் பசு மட்டும் கடைசி வரை பழைய நேரம்தான். பிள்ளையார் கோயில் ஐயரும் அப்படித்தான். "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்காமல் ஒரு கதையும் தொடங்காது. ஒக்ரோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மற்ற அரை மணித்தியாலம் பத்து வருடம் கிடந்தது. கொஞ்ச நாளைக்கென்று கொண்டுவருகிற எதையும் நான் சந்தேகத்தோடு பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

நீ பிறந்தது அந்த அரை மணித்தியாலத்துக்குள். 1997 பங்குனி ஏழாம் நாள், ஆஸ்பத்திரித் துண்டில் காலை 7.05. சாத்திரியார் அதைப் பார்த்துவிட்டு, "இது புதிய நேரமல்லோ?" என்று கேட்டு, அரை மணித்தியாலம் கழித்து 6.35 என்று குறித்தார். 7.05 என்று வைத்தால் மீன லக்கினம், 6.35 என்றால் கும்பம். உனக்குக் கலியாணம் பேசும்போது, வேறு ஒரு சாத்திரியார் துண்டில் இருந்ததை அப்படியே போட்டுக் கணித்துப் பொருத்தமில்லை என்று சொல்ல, அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் போய்க் கழிக்கச் சொன்ன பிறகுதான் மருமகன் உனக்கு மாப்பிள்ளையானார். அவரிடம் இதைச் சொல்லவேண்டாம்.

சரி, பாடசாலைக் கதைக்கு வருகிறேன். தை, மாசியில் இங்கே சூரியன் ஆறரை அளவில்தான் எழும்பும். புதிய நேரப்படி அது ஏழு மணி. ஆறரைக்கு வெளிக்கிடுகிற பிள்ளைகள் விடிவதற்கு முன் இருட்டில் போகவேண்டும். முதல் பாடத்துக்குப் பாதிப் பேர் நித்திரைக் கண்ணோடு இருப்பார்கள். கணக்குப் படிப்பிக்கிற எனக்கு அது பெரிய தண்டனை. பின்னேரம் மிச்சம்பிடித்த மண்ணெண்ணெயை விடியக்காலமை எரித்தோம். இந்தத் தீவில் கோடைக்கும் மாரிக்கும் பகல் ஒரு மணித்தியாலம் அளவில்தான் வித்தியாசப்படும். கூடுதல் வெளிச்சமே இல்லாத இடத்தில் எதைச் சேமிப்பது?

2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை திறந்து கிளிநொச்சிப் பெரியப்பா வீட்டுக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பஸ்ஸில் சத்தி எடுத்தாய். புலிகள் இயக்கத்தின் பகுதியில் நேரத்தை மாற்றவே இல்லை, அங்கே பழைய நேரம்தான். அந்தப் பகுதி தொடங்குகிற முகமாலை தாண்டினால் அரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கிருந்து வவுனியாவுக்குப் போனால், அது முடிகிற ஓமந்தை தாண்ட அரை மணித்தியாலம் முன்னுக்கு. பத்து மணிக்கு பஸ் ஸ்ராண்டில் நிற்பேன் என்று பெரியப்பா சொன்னார். நாங்கள் இறங்கும்போது என் கையில் பத்து, அவர் வீட்டு மணிக்கூட்டில் ஒன்பதரை. உன்னையும் சூட்கேசையும் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன், வந்த மனுசன் "நேரத்துக்கு வந்திட்டன்" என்று பெருமையாகச் சொன்னார்.

2006 சித்திரைப் புதுவருடத்துக்கு அடுத்த நாள், ஏப்ரல் 15ஆம் திகதி, அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. பெரியப்பாவின் மணிக்கூட்டை யாரும் தொடவில்லை, அது சும்மா நின்றபடியே சரியாகிவிட்டது. கிளிநொச்சிக்கும் எங்களுக்கும் ஒரே நேரம் ஆகி நாலு மாதம். ஓகஸ்டில் பாதை பூட்டுப்பட்டது.

இனி உங்கள் ஊர். எங்கள் அனுபவத்தை வைத்து உனக்குப் புத்தி சொன்னால் பிழை. ரொறன்ரோவில் ஆனியில் பகல் பதினைந்தரை மணித்தியாலம், மார்கழியில் ஒன்பது. நேரத்தை மாற்றாவிட்டால் ஆனியில் விடிய நாலரைக்கே சூரியன் வந்துவிடும், அந்த வெளிச்சத்தில் ஊரே நித்திரை. அதை எடுத்துப் பின்னேரத்தில் வைத்தால் ஒன்பது மணி வரைக்கும் பகல். மருமகன் வேலை முடிந்து கிரிக்கெட் விளையாடுவது அதனால்தானே. கோடைநேரம் உன் மாகாணத்துக்குப் புதிசுமில்லை. 1908இலேயே போர்ட் ஆர்தரில், இப்போது தண்டர் பே என்கிறீர்களே அங்கே, மணிக்கூட்டைத் தள்ளினார்கள். 1916இல் ஜேர்மனி நிலக்கரியை மிச்சம்பிடிக்க அதையே நாடு முழுக்கச் செய்ய, மற்ற நாடுகளும் பின்னால் போயின.

ஆனால் மின்சாரம் மிச்சம் என்ற கதையை இப்போது நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் 2006இல் முழுவதுமாக இதற்கு மாறியபோது, வீட்டு மின்சாரச் செலவு ஏறத்தாழ ஒரு வீதம் கூடியிருந்தது. லைற்றில் குறைந்ததை ஏசி விழுங்கிவிட்டது. மார்ச்சில் ஒரு மணித்தியால நித்திரையைப் பறித்த அடுத்த நாட்களில் மாரடைப்பு சற்றுக் கூடுகிறது என்றும் ஆராய்ச்சிகள் வந்திருக்கின்றன. நீ அந்தத் திங்கட்கிழமை மெதுவாகக் கார் ஓட்டு.

ஒழிப்பது என்றால், எந்த நேரத்தில் நிற்பாட்டுவது, கோடைநேரத்திலா, மாரிநேரத்திலா? எல்லாரும் விட்டுவிடுகிற கேள்வி இது. உங்கள் ஒன்ராறியோ 2020இல் நிறைவேற்றிய சட்டம் வருடம் முழுக்கக் கோடைநேரம் என்கிறது. கியூபெக்கும் நியூயோர்க்கும் சேர்ந்தால்தான் நடைமுறைக்கு வருமாம். வந்தால் தை மாதத் தொடக்கத்தில் உனக்கு எட்டே முக்காலுக்குப் பிறகுதான் சூரியன். பேரன் பனிக்குள், இருட்டில், பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்பான். 1974 தையில் அமெரிக்கா இதைத்தான் செய்து பார்த்தது. பிள்ளைகள் இருட்டில் போகிறார்கள் என்று தாய் தகப்பன்மார் சத்தம் போட, ஒரு மாரியோடு கைவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் மாரிநேரத்தில் நிற்பாட்டவேண்டும். ஆனியில் நாலரைக்கு வருகிற சூரியனைத் தடித்த திரைச்சீலையால் மறைக்கலாம், தையில் எட்டரைக்கும் வராத சூரியனை ஒன்றாலும் இழுத்துவர முடியாது. மருமகன் கிரிக்கெட்டுக்காக என்னோடு சண்டைக்கு வருவார், வரட்டும். மாரிநேரத்துக்கு ஒத்துவரமாட்டார்கள் என்றால், வருடத்துக்கு இரண்டு தரம் திருப்புகிற இந்தக் கரைச்சலையே வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் பள்ளிக்கூடம் போவதைவிட அது பரவாயில்லை.

பேரனுக்கு அம்மா சொன்ன வழி: ஒரேயடியாக மாற்றவேண்டாம். இன்றைக்குப் படுக்கப் போடுவதைப் பத்து நிமிடம் பிந்து, நாளைக்கு இன்னும் பத்து. குளிப்பும் சாப்பாடும் அதோடு சேர்த்துப் பிந்தவேண்டும், நித்திரையை மட்டும் தள்ளினால் பிள்ளை பசியில் எழும்பும். ஒரு கிழமையில் சரியாகும். மார்ச்சில் இதையே மறுபக்கமாகச் செய், ஆனால் மாற்றுவதற்கு நாலு நாள் முதலே தொடங்கு.

வருகிற ஞாயிறு ஆறரைக்கு எடு. கோயிலால் வந்துவிடுவேன். அம்மா ஐந்தரைக்கே போனைத் துடைத்து வைத்துக்கொண்டு இருப்பார், அது மாறாது.

அன்புடன்,
அப்பா