வடகோடி முனையும் ஓடாக்கின் பெயரும்: தமிழில் நிலவரைபடமும் கலைக்களஞ்சியமும் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பள்ளிகளில் இருக்கும் உலக உருண்டையை எடுத்துப் பாருங்கள். அச்சில் மாட்டுவதற்காக வட துருவத்தில் ஒரு தகரக் குமிழ் பொருத்தியிருப்பார்கள். கிரீன்லாந்தின் வடகோடி அநேகமாக அதற்கடியில் மறைந்துவிடும். புவியியல் கற்பித்த காலமெல்லாம் அந்தக் குமிழைக் கழற்றித்தான் மோரிஸ் ஜெசப் முனையைக் காட்டினேன். "உலகின் வடகோடி நிலம் இதுதான்" என்றும் பிள்ளைகளிடம் சொன்னேன். அது தவறு. உங்கள் அடுத்த பதிப்பில் அந்தத் தவறு வந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முனை இருப்பது 83°37′ வடக்கில்; துருவத்திலிருந்து ஏறத்தாழ 710 கி.மீ. கிரீன்லாந்துப் பெருநிலத்தின் வடகோடி என்று எழுதினால் சரி. ஆனால் அதற்குக் கிழக்கே உள்ள காஃபிகுளூபன் தீவு சுமார் 750 மீட்டர் இன்னும் வடக்கே நீண்டிருப்பதை 1969இல் கனடாக் குழு ஒன்று அளந்து சொன்னது. (கோபன்ஹேகன் அறிஞர்கள் கூடிய ஒரு காபிக் கழகத்தின் பெயர் அது.)

1900 மே மாதம் அமெரிக்கத் துருவப் பயணி ராபர்ட் பியரி நாய் இழுக்கும் சறுக்குவண்டியில் அந்த முனைக்கு வந்தார். கற்களைக் குவித்து அடையாளம் வைத்தார். தன் பயணங்களுக்குப் பணம் கொடுத்த நியூயார்க் வங்கியாளர் மோரிஸ் ஜெசப்பின் பெயரை அதற்கு இட்டார். ஜெசப் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. அவர் தலைமை வகித்த அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத்தான் 1897இல் பியரி வடமேற்குக் கிரீன்லாந்தின் பழங்குடிகளான இனுகுவிட் மக்கள் ஆறு பேரைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். நான்கு பேர் நோயுற்று நியூயார்க்கிலேயே இறந்தார்கள். அவர்களின் எலும்புகள் ஊர் திரும்பியது 1993இல்.

1909இல் பியரி துருவம் நோக்கிப் போன கடைசிக் கட்டத்தில் உடன் சென்றவர்கள் அவருடைய உதவியாளர் மேத்யூ ஹென்சனும் நான்கு இனுகுவிட் ஆட்களும். அந்த நால்வரில் ஒருவர் ஓடாக். 1978இல் டென்மார்க் அளவையாளர்கள் காஃபிகுளூபனுக்கும் வடக்கே ஒரு கூழாங்கல் திட்டைக் கண்டு அவர் பெயரைச் சூட்டினார்கள். உலகின் வடகோடி நிலம் என்று ஓடாக் தீவைப் பல நூல்கள் குறித்தன. 2022இல் நேரில் போய் அளந்தபோது, அங்குள்ள திட்டுகள் தீவுகளே அல்ல, தரைதட்டிய பனிப்பாறைகளின் மேல் கிடந்த கல்லும் மண்ணும் என்று தெரியவந்தது. பணம் தந்தவரின் பெயர் பாறைமேல் இருக்கிறது. பனியில் நடந்தவருக்குக் கிடைத்ததோ உருகிப் போகும் திட்டு. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

முனையின் பெயரை மாற்றும்படி நான் கேட்கவில்லை. அது கிரீன்லாந்து மக்கள் முடிவு செய்ய வேண்டியது. வரைபடத்திலிருந்து ஓடாக் தீவு என்ற புள்ளியை எடுத்துவிடுங்கள், வேறு வழியில்லை. ஆனால் புள்ளியோடு அந்த மனிதரையும் எடுத்துவிடாதீர்கள். மோரிஸ் ஜெசப் முனை பற்றிய பதிவிலேயே ஓடாக் யார் என்று இரண்டு வரி சேருங்கள்.

அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கங்களை அனுப்பினால் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்