தாத்தாவின் லாரியை எடைக்குப் போட வேண்டாம்

டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் போடாமல் இருந்தது என் தப்புதான். நான் நன்றாக இருக்கிறேன். நாமக்கல்லில் ஆடிக்காற்று அடிக்கிற நேரத்தில் இங்கே குளிர்காலம். காலையில் டிங்கரிங் வேலைக்குத் தகரத்தைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது, பத்து மணி வெயில் வந்தால் சரியாகிவிடும். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அறையை இன்னொரு பையனோடு பகிர்ந்துகொண்டிருக்கிறேன், பேச்சுத் துணைக்கு.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதினேனே, கார் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பெயின்ட் அடித்தவர். அவருடைய பாட்டனார் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவராம். தாத்தாவுக்குத் தெரிந்த தமிழ் தம்பி, சோறு, தண்ணி, அவ்வளவுதான். சனிக்கிழமை தோறும் பன்னி சௌ வாங்கி வருவார், ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றியது. நம் தாத்தாவின் லாரியைக் காயலான் கடைக்குப் போடப் போவதாக நீங்கள் எழுதியதைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். முழுக்க கண்காட்சி வண்டிகளின் படங்கள், அதாவது விற்பதற்கு இல்லாமல் காட்டுவதற்கென்றே செய்தவை, பத்திரிகையில் வெட்டி ஒட்டியவை.

அப்பா, கம்பெனிக்காரர்கள் மேடையில் விளக்குப் போட்டுக் காட்டும் அந்த மாதிரி வண்டிகள் அப்புறம் எங்கே போகின்றன என்று நான் யோசித்ததே இல்லை. பலவற்றுக்கு உள்ளே ஓடுகிற இன்ஜினே கிடையாதாம். விபத்துச் சோதனை பார்க்காததால் சாலைக்கு அனுமதியும் கிடைக்காது, வெளியே விற்று யாராவது அடிபட்டால் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். நிறுத்தி வைக்கவும் இடம் வேண்டுமே. அதனால் சிலது மியூசியத்துக்கு, பலது நசுக்குவதற்கு. கிரைஸ்லர் என்ற அமெரிக்கக் கார் கம்பெனி 1960களில் விமான இன்ஜின் மாதிரி டர்பைன் வைத்து 55 கார் செய்து, பலவற்றைக் குடும்பங்களுக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்து, திரும்ப வாங்கி 46ஐ அழித்துவிட்டது. அதே கம்பெனியின் நார்ஸ்மேன் என்ற கண்காட்சிக் கார் இத்தாலியில் செய்து அமெரிக்காவுக்கு வரும் வழியில், 1956இல் ஆண்ட்ரியா டோரியா கப்பலோடு மூழ்கியது, ஒருவர் கண்ணிலும் காட்டாமலே. இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. தட்டித் தட்டி அதை வளைத்தவன் கை என்ன நினைத்திருக்கும்?

ஆனால் 1955இல் காட்டிய செவர்லே பிஸ்கேன் காரைப் பாருங்கள். நசுக்கச் சொல்லி அமெரிக்காவில் மிச்சிகனில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார்கள். துண்டாக்கப்பட்டு அங்கேயே முப்பது வருஷம் கிடந்தது, ஒருவர் வாங்கிச் சேர்த்து ஒட்டி எடுத்துவிட்டார். ஃபோர்டு கம்பெனியின் லிங்கன் ஃப்யூச்சரா காரை ஒரு டாலருக்குத் தள்ளிவிட்டார்கள், வாங்கியவர் அதையே டிவி தொடருக்கு பேட்மேன் காராக மாற்றினார். 2013 ஏலத்தில் அது 42 லட்சம் டாலருக்குப் போனது.

நம்முடையது அந்த விலைக்குப் போகாது, தெரியும். ஆனால் நம் தாத்தா தன் கையால் கட்டிய முதல் பாடி அது. பின்கதவின் உள்பக்கம் உளியால் ஒரு மயில் செதுக்கியிருக்கிறாரே, அதன் கழுத்தில் நான் ஆணியால் கீறி உங்களிடம் அடி வாங்கிய கோடு இன்னும் இருக்கும். ராத்திரி தூக்கம் வராதபோது அந்தக் கோட்டைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். மரத்தூள் வாசனையும், காலை ஏழு மணிக்கு நம் பட்டறையில் விழுகிற முதல் சுத்தியல் சத்தமும் இங்கே இல்லை அப்பா.

சரி. இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், கடையில் கணக்குப் பார்க்கிற பெண் லீவில் இருக்கிறாள், வேறொன்றும் இல்லை. தங்கச்சி வளைகாப்புக்கு வளையல் செலவு என்னுடையது, பெரியப்பாவிடம் கேட்க வேண்டாம். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுத்தது வந்துவிட்டதா? அம்மா கால்வலி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

காயலான் கடைக்காரரிடம் வாங்கிய அட்வான்ஸ் 5,000ஐ திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த பணத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் லாரி மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். தார்ப்பாய் பரணில் இருக்கிறது, நீல டிரங்குப் பெட்டிக்குப் பின்னால்.

உங்கள் மகன்